வெயில் படாத மேனி

அம்பாசமுத்திரம் போகும் ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டி. எனக்கு எதிரே பத்தமடைப் பாய் வியாபாரி ஒருவரும், ஏதோ ஒரு பண்ணையின் காரியஸ்தரும் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி பேட்டையைத் தாண்டியதும் காரியஸ்தர் சொன்னார்:

“எங்க ஐயா தெனம் காலையில ரெண்டு மாதுளம்பழம் திங்காக. வெயிலு அவுக மேல படுததே இல்ல.”

“நெசமாவா அண்ணாச்சி? எம் மகனுக்குப் பொண்ணு பாக்கோம். பாய் சுமந்து அலைஞ்சு கரிக்கட்டையா இருக்கான். போன எடத்துல எல்லாம் வேண்டாம்னுட்டாவ.”

“அப்ப மாதுளையக் குடும். பிசான அறுப்புக்குப் பங்குனி வெயில்ல ஐயா நாள் பூரா வயல்லதான் நிக்காக. மேனி வெண்ணெய் கணக்கா இருக்கு. பக்கத்துலயே நிக்கிற பண்ணையாள் சொடலை அட்டக்கரியா ஆயிட்டான்.”

“அவன் பழம் திங்கலையாக்கும்?”

“அதத்தான் சொல்லுதேன் வே. ஒரே வயலு, ஒரே வெயிலு. இவுக திங்காக, அவன் திங்கல. வேற என்ன வித்தியாசம், சொல்லும்.”

வியாபாரி யோசித்துப் பார்த்தார்.

“ஐயா அவனுக்கும் ஒண்ணு குடுக்கப்படாதா?”

“ஒரு நா நீட்டத்தான் செஞ்சாக. அவன் எப்படி வாங்குவான்? ஐயாவுக்குக் குடை பிடிக்கான்லா, ரெண்டு கையும் காம்புலல்லா இருக்கு.”

வியாபாரி உச்சுக்கொட்டினார்.

“எதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும் அண்ணாச்சி. எம் மகன் பரவாயில்ல, பாயத் தலையிலதான் சுமக்கான். ஒரு கை சும்மாதான் இருக்கு.”