சாருஜாவுக்குப் பொறுக்கிய முட்டைகள்

முட்டையைத் தண்ணீரில் கழுவி வைக்கக் கூடாது, மிஸ். கழுவினால் சீக்கிரம் கெட்டுவிடும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும். பண்டத்தரிப்பில் என் நாட்டுக்கோழி முட்டைக்கு நல்ல பெயர் இருந்ததென்றால் இந்தக் கவனம்தான் காரணம்.

நீங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து கோழி எச்சத்தைப் பஞ்சில் ஒற்றிக்கொண்டு போனீர்கள். திரும்பி வந்து பொறுமையாக விளக்கினீர்கள். அதிலிருந்த கிருமியின் மரபணுவை முழுதாக வாசித்துவிட்டீர்களாம். கோழிகளுக்கு நோய் வராமலிருக்க நான் தண்ணீரில் கலந்துவந்த அன்ரிபயோற்றிக் எல்லாவற்றுக்கும் அது பழகிவிட்டதாம். இனி ஒரேயொரு மருந்துதான் அதற்குக் கேட்கும் என்றீர்கள். அதன் பெயரை நான் மறக்கவில்லை. முட்டை விற்க வேண்டாம் என்றும் சொன்னீர்கள், நானும் தலையாட்டினேன். ஆனால் இடம்பெயர்ந்து திரும்பி வந்த வெறுங்காணியில் எனக்கென்று எழும்பியது அந்தக் கோழிக்கூடு ஒன்றுதான். அதையும் மூடிவிட்டு நான் எங்கே போவது?

அந்தக் கிழமையே பக்கத்து வளவுப் பத்மாவதி வேலியடிக்கு வந்தாள்.

"அண்ணை, என்ரை மூத்தவள் சாருஜா சாமத்தியப்பட்டிட்டாள். விடியக் குடுக்க முட்டை வேணும். நல்லதாப் பாத்துத் தாங்கோ."

வயதுக்கு வந்த பிள்ளைக்குக் கொடுக்கும் முட்டையை எங்கள் பக்கத்தில் அவிப்பதில்லை. பச்சையாக உடைத்துப் பிள்ளையின் வாயில் ஊற்றி, மேலே நல்லெண்ணெய் கொடுப்பார்கள். எனக்கு அது தெரியும். இல்லை என்றால் ஏன் என்று கேட்பாள், பிறகு ஊர் முழுக்கக் கதை பரவிவிடும். பெரிய முட்டைகளாகப் பொறுக்கிக் கொடுத்தேன்.

சாருஜாவுக்கு முதலில் வயிற்றாலடி, பிறகு விடாத காய்ச்சல். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குத் தேநீர்ப் போத்தலோடு தினமும் போனேன். மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். இரத்தப் பரிசோதனையின் முடிவு வரவில்லை. பத்மாவதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மருந்தும் கேக்குதில்லையாம் அண்ணை. என்ரை பிள்ளையை இனி ஆர் காப்பாத்துறது?"

அந்த மருந்தின் பெயர் என் நாக்கு நுனியில் நின்றது. டொக்டரும் பக்கத்தில்தான் நின்றார். சொன்னால், உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அந்த இடத்திலேயே செத்துப்போனால் நல்லது போல இருந்தது. "நல்லூரானை நம்பு பிள்ளை" என்று சொல்லி, சாருஜாவின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன். பரிசோதனை முடிவு வருமுன் அவள் போய்விட்டாள்.

அவள் இரத்தத்தில் இருந்ததும் என் கூட்டில் இருந்ததும் ஒரே கிருமி என்று இப்போது சொல்கிறீர்கள். நான் மறுக்கவில்லை. தெரிந்துதான் கொடுத்தேன். தெரிந்துதான் பேசாமல் நின்றேன். ஆனால் என்னை ஈவிரக்கமில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டதே நான்தான். அக்காவை நினைத்து நினைத்து இளையவள் வாடிப்போய்விட்டாள், ஒன்றும் சாப்பிடுவதில்லையாம். இன்று காலைகூட அவளுக்கென்று ஒரு கூடை முட்டை கொடுத்தனுப்பினேன். காசு வாங்கவில்லை.