தட்டுங்கள், எவரிஸ்டோ எழுகிறார்!

அவைக்கு அழகு சேர்க்கும் நகரத் தலைவர் அவர்களே, அணிக்காகக் கத்திக் கத்தித் தொண்டையைத் தேய்த்த பெரியவர்களே, அல்காபூரியா வடை பொரித்த கையோடு ஓடிவந்திருக்கும் அன்னையரே, கோப்பை கொணர்ந்த காளையரே! நம் மொந்தெக்லாரோ ஊர் மேளக்குழுவின் மிலாக்ரோஸ் உங்களை வணங்குகிறேன்.

இதோ, நாணித் தலைகுனிந்திருக்கும் நம் கூடைப்பந்துப் பயிற்சியாளர் எவரிஸ்டோ, ஆடிய காலத்தில் எப்படிப்பட்டவர்? பாய்ந்தால் புயல்! பந்தெடுத்தால் பருந்து! ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றால்? யாரப்பா அங்கே சிரிப்பது? பூந்தா ரோஹாவில் நடந்த இறுதிப் போட்டியில், எதிரூர் ரசிகர்களின் பாந்தேரோ மேளம் காதைப் பிளக்க, கடைசி இரண்டு எறிதலையும் தவறவிட்டார். தோற்றோம். அந்த வலியோடுதான் ஆட்டத்தை விட்டார்.

பயிற்சியாளரானதும் அவர் முதலில் தட்டியது என் வீட்டுக் கதவை.

“அக்கா, உங்க மேளக் கும்பலைக் கூட்டிக்கிட்டு மைதானத்துக்கு வாங்க.”

“எதுக்குடா?”

“பசங்க பந்து போடும்போது காதுகிட்ட நின்னு அடிங்க. நான் பட்டது போதும், அவங்க படக் கூடாது.”

அடித்தோம்! ஆண்டு முழுவதும் அடித்தோம்! அக்கம்பக்கத்தார் திட்டத் திட்ட அடித்தோம்!

சென்ற வாரம் அதே பூந்தா ரோஹா, அதே அரங்கம், மறுபடியும் இறுதிப் போட்டி. இரு அணியும் சமம். நேரம் முடிந்தது, நம் அணிப் பையன் யாடியெலுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ மட்டும் மிச்சம். ஒன்று விழுந்தால் கோப்பை நமக்கு! எதிரூர் மேளம் முழங்கியதா? இல்லை! நம் பயிற்சி எப்படியென்று மோப்பம் பிடித்துவிட்டார்கள். எங்கள் மேளங்களை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, தங்கள் மேளங்களையும் மடியில் கவிழ்த்துவிட்டு, வாய்மூடி அமர்ந்துவிட்டார்கள்.

பழகாத அமைதி! பையன் தடுமாறினான். முதல் பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை.

எவரிஸ்டோ அதட்டினாரா? அறிவுரை சொன்னாரா? பக்கத்திலிருந்த ஐஸ் பெட்டியில் நம் ஊர்த் தாளத்தைத் தட்டத் தொடங்கினார்!

நடுவர் ஓடிவந்தார். “என்னய்யா பண்றீங்க?”

“மூடி ஒட்டிக்கிச்சு சார், தட்டித் திறக்கறேன்.”

நாங்கள் விடுவோமா? நாற்காலியைத் தட்டினோம்! தொடையைத் தட்டினோம்! முன்வரிசைக்காரரின் முதுகையும் தட்டினோம்!

யாடியெல் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “கோச், உங்க தாளம் தப்புது!”

எறிந்தான். வலை மட்டுமே அசைந்தது. நான் அழுதேன், ஐயா! வாய்விட்டு அழுதேன்!

எந்த ஓசை தம்மை வீழ்த்தியதோ, அந்த ஓசையையே தம் பிள்ளைகளுக்குத் துணையாக்கியவர் இவர். இத்தகையவரை இந்தத் தீவில் வேறெந்த ஊர் பெற்றது?

இப்போது அவர் ஏற்புரைக்கு எழுகிறார். அன்புகூர்ந்து யாரும் அமைதி காக்காதீர்கள். ஆண்டு முழுவதும் மேளத்தோடு பழகியவர், அமைதியில் பேச்சு தப்பிவிடும் அவருக்கு! தட்டுங்கள்! தாளத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கேட்ட செவிகளுக்கு நன்றி, தட்டப்போகும் கைகளுக்கு வணக்கம்!