முதலில் தெரியும் டிஸ்க்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மிகவும் மெதுவாகிவிட்டிருந்தது, ஃபாதர். ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாகப் போடச் சொன்னது என் கணவர் ஜேசுதாஸ்தான்.

அதற்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று நாங்கள் புழங்குவது. மற்றதில் கிரேசி, சுனாமியில் போன அவருடைய முதல் மனைவி. அவர்கள் மகள் அபினாவின் ஞானஸ்நானத்தன்று எடுத்த வீடியோ. கிரேசியின் குரல் மிஞ்சியிருந்தது அதில் மட்டும்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அபினா அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். "ஏட்டி மக்கா, இஞ்ச பாரு" என்று கிரேசி கூப்பிட, இவள் திரையைப் பார்த்து "என்னம்மா" என்பாள். நான் காபித் தம்ளரோடு பின்னால் நிற்பேன். செத்தவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஒரு பிள்ளை வளரலாமா?

மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவள் நான். இன்ஸ்டால் செய்யும்முன் மற்ற டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள் என்று முதல் வகுப்பிலேயே சொல்வேன். எது யாருக்கு அருமை என்று இன்ஸ்டாலருக்குத் தெரியாது. 'முழுவதும் அழித்துப் போடு' என்றால், முதலில் தெரியும் டிஸ்க்கை எடுத்துக்கொள்ளும். அன்று அது எடுத்துக்கொண்டது கிரேசியின் டிஸ்க்கை; வீடியோ அழிந்துபோயிற்று.

"ஊருக்கெல்லாம் படிச்சுக் குடுக்கிய, ஒனக்கே தப்பிப் போச்சா?" என்றார் ஜேசுதாஸ். அதற்குமேல் திட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை. டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கினார்.

மறதி யாருக்கும் வரும் என்று நீங்களும் பூசை முடிந்து என்னைத் தேற்றினீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன், மன்னிப்புக்காக இல்லை. என் வேலையில் எனக்கு மறதி கிடையாது. கேபிளைக் கழற்றினேன். இரண்டையும் கழற்றி, கிரேசி முதலில் தெரியும்படி இடம் மாற்றிச் செருகினேன். கடைக்காரர்கள் மீட்டுவிடக் கூடாதென்று, பழையதன் மேலேயே பதியும்படி, அழிந்த டிஸ்க் நிரம்பும்வரை என் பாட வீடியோக்களை ஏற்றினேன்.

நேற்று அபினா வந்து, "அம்மை இப்பிடியா கூப்பிடும்?" என்று கூப்பிட்டுக் காட்டினாள். 'பாரு'வை இழுத்தாள். கிரேசி அதை இழுக்க மாட்டாள். 'மக்கா'வில்தான் கொஞ்சம் நிற்பாள், சிரிப்பை அடக்குவது போல. என் காதில் அது அப்படியே இருக்கிறது.

"ஆமா மக்கா, இதேதான்" என்றேன்.

பிள்ளை சந்தோஷமாகப் போனாள். அவளுக்கு நான் என்ன குறை வைத்தேன், சொல்லுங்கள்.