பாதி ட்ரெயினிங்ல வந்தவன்

மத்தியானம் பன்னெண்டரை. பேய்க்கு ராத்திரிதான் வேணும்னு எவன் சொன்னான்? இது பட்டப்பகல்ல நடந்தது. தள்ளி உக்காராதீங்கப்பா... கிட்ட வாங்க.

எங்கூட வேலை பாக்குற சுகந்தி இருக்கால்ல, அவ பெரியப்பா ராஜபாண்டி. குட்டியானை லோடு வண்டி ஓட்டுறவரு. அன்னைக்கு அருப்புக்கோட்டையில நூல் லோடு எறக்கிட்டு, காலி வண்டியா திருச்சுழிப் பக்கம் ஊருக்குத் திரும்புறாரு. மே மாசம். ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. ரெண்டு பக்கமும் கருவேலங்காடு... காஞ்ச நெத்து காத்துல கலகலங்குது. தார் உருகுற வாடை.

அவருக்கு ஒரே மகன், பாண்டீஸ்வரன். கெமிக்கல் இஞ்சினியரிங் மூணாம் வருசம். அந்த வீட்டுலருந்து காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு. லீவுல வடக்க ஏதோ கம்பெனிக்கு ஒரு மாச ட்ரெயினிங் போயிருந்தான். பாதி கூட முடியல.

அந்தப் பய... கருவேல மரத்தடியில நிக்கிறான்.

கம்பெனி குடுத்த நீல உடுப்பு. கையில பை இல்ல. காலுல செருப்பு இல்ல. அந்த வெயில்ல மேல ஒரு பொட்டு வேர்வை இல்ல. இதெல்லாம் பின்னாடி நெனச்சுப் பாத்தப்பதான் அவருக்கே தட்டுச்சாம்.

வண்டிய நிப்பாட்டுனாரு. ஏறி பக்கத்துல உக்காந்தான். குப்புன்னு அழுகுன முட்டை நாத்தம்.

"என்னடா இது?"

"கம்பெனி கேஸுப்பா. நாத்தம் தெரியிற வரைக்கும் பயமில்ல... தெரியாமப் போனாத்தான் ஆபத்து."

"பாதியில வந்துட்டியா?"

"வீட்டுக்கு வாரேன்ப்பா."

அவருக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. "முடிக்காம வந்தா சர்ட்டிபிகேட்டு எவன் தருவான்? மூணு வருசப் படிப்பும் வீணாப் போகணுமா? எறங்குடா. அடுத்த பஸ்ஸப் புடிச்சுப் போ."

அவன் அப்பா மொகத்தையே பாத்தான். "அம்மாட்ட வாரேன்னு சொல்லிட்டேனேப்பா"ன்னான்... மெதுவா. அப்புறம் எறங்கிட்டான். நாத்தமும் சட்டுன்னு நின்னு போச்சு.

கொஞ்ச தூரம் போனதும் மனசு கேக்கல. திருப்பிக்கிட்டு வந்தாரு. ரோடு... வெறும் ரோடு.

வீட்டு வாசல்ல கூட்டம். கம்பெனியில இருந்து போன் வந்துருக்கு. காலையில தொட்டி கழுவ எறங்குன ஆளு மயங்கி விழுந்துட்டாராம். தூக்கப் போன பாண்டீஸ்வரனும் மேல வரல.

வெள்ளைத்தாய் பெரியம்மா மட்டும் அழாம நிக்கிறாக. "எல்லாரும் பொய் சொல்றாக. இப்பத்தான் எம்புள்ள போன் பண்ணான். அப்பா வண்டியில வாரேன்னான். ஏங்க... எங்க அவன்?"

ராஜபாண்டி ரோட்டுல பாத்தத அவுககிட்ட சொல்லவே இல்ல. காரியம் முடிஞ்ச அன்னைக்கு சுகந்தி அப்பாட்ட மட்டும், துண்டால வாயப் பொத்திக்கிட்டு சொல்லியிருக்காரு.

அதுக்கப்புறம் அந்த வழியா எப்பப் போனாலும் மரத்தடியில நிப்பாட்டுவாரு. கதவத் தொறந்து, "ஏறுய்யா... வீட்டுக்குப் போவோம்"பாரு. யாரும் ஏறுனதில்ல.

போன மாசம் பெரியம்மாவ ஆஸ்பத்திரியில காட்டிட்டுக் கூட்டிட்டு வாராரு. அவுகளுக்கு அந்த மரத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது. காலு தன்னால பிரேக்க மிதிச்சிருச்சு. அன்னைக்கு அவரு கூப்புடல.

பெரியம்மா அவுகளாவே கதவத் தொறந்தாக. கியர் பக்கமா நகந்து, ஒடுங்கி உக்காந்தாக. மரத்துல நெத்து கூட ஆடல.

கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. அவுக ரெண்டு கையும் மடியிலதான் இருந்துச்சாம்.

"மெதுவாப் போங்க"ன்னாக. "தூங்குறான்."