ஏழைகள் தீர்ந்துபோன வருடம்

டீயில் சர்க்கரை ஜாஸ்தி. குறையாகச் சொல்லவில்லை, எழிலரசி. எனக்குச் சுகர் இருப்பது உன் ஸ்டேஷன் வாசலில் டீ போடுகிறவருக்கு எப்படித் தெரியும்? கொடுத்ததை மறுக்கக் கூடாது என்று குடித்துவிட்டேன்.

நான் சொல்லச் சொல்ல ஏட்டய்யா எழுதிக்கொள்வார் என்றாய். அவர் எழுதிய முதல் வரியைப் பார்த்தேன். அமலோற்பவம் என்கிற என் பெயரை அவர் கொலை செய்திருந்த விதத்துக்கு, அவரைத்தான் முதலில் உள்ளே வைக்க வேண்டும். அதனால்தான் பேனாவை நானே வாங்கிக்கொண்டேன். ஆயுசெல்லாம் தமிழ் வாத்தியாராக இருந்தவள், தன் குற்றத்தையாவது பிழையில்லாமல் எழுத வேண்டாமா? நீயும் என்னிடம் படித்தவள்தான். சாக்பீஸ் தூள் தின்று தின்று வந்த என் இருமல் தாழ்வாரத்தில் கேட்டாலே மொத்த வகுப்பும் அடங்கி உட்காரும். உன்னைப் பலமுறை பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். நீ என்னை உட்காரவைத்து ஃபேனும் போட்டுவிட்டிருக்கிறாய். நல்ல பிள்ளை.

சவரிமேரியின் இட்லிக் கடை எரிந்ததைப் பற்றியும், ஆஸ்பத்திரியில் கிடக்கும் அவள் மகள் சகாய பிரியாவைப் பற்றியும் கேட்டாய். வருகிறேன். முதலில் நிதியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

தைலம்மாள் என்று ஒரு புண்ணியவதி இருந்தார். பிள்ளை இல்லாதவர். கீரப்பாளையத்தில் தமக்கிருந்த வயலை எங்கள் சிதம்பரம் பங்குக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். பங்கு என்றால் ஒரு மாதா கோயிலைச் சேர்ந்த எல்லாக் குடும்பங்களும். அந்த வயலில் வருவதை எங்கள் பங்கில் கஷ்டப்படுகிற பெண்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும், அதுவும் மாதா திருநாளன்று மேடையில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. விதவைக்குத் தையல் மெஷின், படிக்கிற பெண்ணுக்கு ஃபீஸ், புருஷன் விட்டுப்போனவளுக்கு இரண்டு ஆடு. ஒரே ஒரு நிபந்தனை. தொடர்ந்து இரண்டு திருநாளில் கொடுக்க ஆளில்லை என்றால், கடலூரில் இருக்கும் அறக்கட்டளைக் குழு நிதியை வேறு பங்குக்கு மாற்றிவிடும்.

ரிட்டயர் ஆன நாளிலிருந்து நான்தான் அந்த நிதிக்குச் செயலாளர். சேவை என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் எனக்குப் பிடித்தது அந்த மைக். பெயரைச் சொல்லி அழைப்பேன். அந்தப் பெண் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடை ஏறுவாள். அவள் தலையில் கைவைத்து, போட்டோக்காரர் எடுத்து முடிக்கும்வரை வைத்தபடியே நிற்பேன். ஒரு வருடம் அவர் ஃபிளாஷ் வேலை செய்யவில்லை என்று இன்னொரு தடவை கொடுக்கச் சொன்னார். நான் அந்தப் பெண்ணைத் திரும்பவும் அழச் சொன்னேன். பாவம், அழுதாள்.

பெயர் கொடுப்பதற்குமுன் வீட்டைப் போய்ப் பார்ப்பது வழக்கம். அந்தக் காலத்தில் நான் தெருமுனையில் இருமினால் போதும், டிவிமேல் போர்வை விழும், சோற்றுப்பானை கவிழும், நன்றாக இருந்த பிள்ளைகூடக் கிழிந்த பாவாடையில் வந்து நிற்கும். எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அது ஒரு மரியாதை. அப்புறம் காலம் மாறியது. பிள்ளைகள் படித்தார்கள். ஒருத்தி நர்ஸாகிக் குவைத் போனாள், ஒருத்தி பேங்கில் சேர்ந்தாள், ஒருவன் கப்பலில் ஏறினான். இப்போது நான் போனால் புது ஃபிரிட்ஜைத் திறந்து காட்டி ஜூஸ் கொடுக்கிறார்கள். நான் ஒருகாலத்தில் ஆடு வாங்கிக்கொடுத்த வீட்டில், அந்தம்மாவின் மகன் அருள் பிரகாஷ் என் பழைய செருப்பைப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஒங்களுக்கு எதாச்சும் ஒதவி வேணும்னா கூச்சப்படாம கேளுங்க" என்றான். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டான். வீட்டுக்கு வந்து அழுதேன். எங்கள் பங்கில் ஏழைகள் தீர்ந்துபோயிருந்தார்கள்.

போன வருடத் திருநாளில் மைக் முன்னால் வெறுங்கையோடு நின்றேன். இவ்வருடம் நம் பங்கில் உதவி கேட்டு எவரும் வரவில்லை, இறைவனுக்கு நன்றி என்றேன். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்படி ஒரு கைதட்டலை நான் அதுவரை வாங்கியதே இல்லை. வயிறு எரிந்தது.

இந்த வருடமும் ஆளில்லை என்றால் நிதி மங்கலம்பேட்டைக்குப் போகும் என்று கடலூரிலிருந்து சொல்லிவிட்டார்கள். அங்கே செயலாளர் ஜூலி என்று ஒரு சின்னப் பெண். ஃபோன் செய்து, டீச்சர் நீங்கதான் எனக்கு வழிகாட்டணும் என்று குழைந்தாள். அவளிடம் நாற்பது பேர் காத்திருக்கிறார்களாம். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது என்று சொன்னால் நம்புவாயா? பங்குத்தந்தை லியோ ஃபாதரிடம் போய் முறையிட்டேன். அவர் சிரித்தார். "அங்கயே போவட்டும் டீச்சர். அவுங்கதான் கஷ்டப்படுறாங்க. நமக்கு இது சந்தோஷமான சேதிதான?" என்றார். இளவயது. நிர்வாகம் புரியாது.

அப்புறம்தான் சவரிமேரி வந்தாள். அவளை நான்தான் உண்டாக்கினேன் என்பேன். புருஷன் செத்து, கைப்பிள்ளையோடு நின்றவளுக்கு முதல் கிரைண்டர் நம் நிதியில் கொடுத்தது. அண்ணாமலை நகரில் மாணவர் லாட்ஜுகளுக்கு நடுவில் கீற்றுக் கொட்டகை போட்டு இட்லி விற்றாள். மகளையும் என்னிடம் படிக்கவைத்தாள். பிரியா கெட்டிக்காரி; லேப் டெக்னீஷியன் படித்து, புதுச்சேரியில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் சேர்வதாக இருந்தது. எனக்கு அந்தப் பிள்ளைமேல் உயிர். அவளே அம்மாவோடு சாக்லேட் டப்பா எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஏழையாக வந்திருக்கிறாளோ என்று ஒரு கணம் ஆசைப்பட்டுவிட்டேன். சவரிமேரி ஒரு கவரை நீட்டினாள்.

"நா வாங்குனது போதும் டீச்சர். இந்த வருசம் நா குடுக்குறன். எம்பேர மைக்குல சொல்லாதீங்க, வெக்கமாருக்கும்."

கெஞ்சினேன், எழிலரசி. நான் கெஞ்சினேன். பேருக்கு ஒருமுறை வாங்கிக்கொள், திருநாள் முடிந்ததும் எனக்கே திருப்பிக் கொடுத்துவிடு என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐய, எனுக்கு எதுக்கு டீச்சர்? இல்லாதவுங்களுக்குக் குடுங்க" என்றாள்.

இல்லாதவர்களுக்கு நான் எங்கே போவேன்? அன்று பூராவும் அதையே யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கணக்குச் சுலபமாகத் தெரிந்தது. இருக்கிறவளுக்கும் இல்லாதவளுக்கும் நடுவில் ஒரு கீற்றுக் கொட்டகைதான் நிற்கிறது.

மத்தியானம் பார்த்துப் போனேன். சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, மாணவர்கள் வகுப்புக்குப் போயிருப்பார்கள். சவரிமேரி மளிகை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். யாருக்கும் ஆபத்து வரக் கூடாது என்பதில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதைக் குறித்துக்கொள். கடை சாத்தியிருந்தது, உள்ளே ஒருவரும் இல்லை. குடை பிடித்தபடி பின்பக்கம் போனேன். மாதா சுரூபத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வைத்திருக்கும் தீப்பெட்டி கைப்பையில் இருந்தது. முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவது ஒடிந்தது. வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பற்றவைக்காதவளுக்கு வேறென்ன வரும்? குடையைக் காற்றுக்கு மறைப்பாகச் சாய்த்துப் பிடித்தபிறகு மூன்றாவது பிடித்துக்கொண்டது. கீற்று நன்றாகக் காய்ந்திருந்தது.

அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். கொடியேற்றத்துக்குப் பூ கட்ட ஆள் போதவில்லை என்று சொல்லியிருந்தார்கள். தீயணைப்பு வண்டி மணி கேட்டபோது எல்லாரும் எழுந்தார்கள். நான் ஒரு செபம் சொல்லச் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாக ஹார்லிக்ஸோடு போனதும் நான்தான். பிரியாவின் இரண்டு கையும் முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், இனி ஊசிகூடப் பிடிக்க முடியுமோ என்னவோ என்று நர்ஸ் சொன்னாள். புதுச்சேரி வேலை அவ்வளவுதான். சவரிமேரி என் தோளில் விழுந்து கதறினாள். "ஒங்கள உட்டா எங்களுக்கு ஆரு டீச்சர்?" என்றாள். எத்தனை வருடமாயிற்று ஒருத்தி என்னிடம் அப்படிச் சொல்லி. நிதியை ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டேன். தலையாட்டினாள். என் கண்ணும் நிறைந்துவிட்டது. அது துக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள், நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். பிரியா மட்டும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அவள் உன்னைக் கூப்பிட்டுப் பேசினாளாம். நீ வந்து என் வீட்டு வாசலில் நின்றபோது, வெளியே வெயில், உள்ளே வா என்றுதான் சொன்னேன். நீ கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றேன். மறைக்கிற பழக்கம் எனக்கில்லை.

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஒரு பிழை இருக்கிறது. மாணவர்களின் எத்தனை தாளில் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன், என்னுடையதில் விட்டுவைக்கலாமா? உள்ளே ஒருவரும் இல்லை என்று எழுதினேன். அதை அடித்துவிடு.

பிரியாவின் செருப்பு வாசலில் கிடந்தது. விடியலில் எழுந்து மாவு கரைத்துவிட்டு மத்தியானம் அந்தக் கொட்டகையில்தான் அவள் தூங்குவாள், தெருவுக்கே தெரியும். இரண்டாவது குச்சி ஒடிந்தபோது எனக்கு இருமல் வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. உள்ளே பாய் அசைகிற சத்தம் கேட்டது.

"ஆரு? டீச்சரா?" என்றாள். தூக்கக் கலக்கத்திலும் மரியாதையான குரல்.

நான் மூன்றாவது குச்சியைக் கிழித்தேன்.

நீ நினைப்பது புரிகிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். கடை மட்டும் எரிந்திருந்தால் சவரிமேரி ஒரே வருடத்தில் மறுபடி கொட்டகை போட்டிருப்பாள், அவள் அப்படிப்பட்டவள். அடுத்த திருநாளுக்கு நான் மறுபடி தெருத்தெருவாக அலைந்திருப்பேன். பெண்பிள்ளை விஷயம் வேறு. எரிகிற கீற்றைக் கையால் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தவளுக்கு ஒவ்வொரு விரலாகப் பிரித்து ஆபரேஷன் செய்ய வேண்டுமாம், வருடக்கணக்கில் இழுக்கும் என்கிறார் டாக்டர். அதுவரை தைலம்மாள் நிதி நம் பங்கைவிட்டு எங்கும் போகாது. மங்கலம்பேட்டை ஜூலிக்கு ஃபோன் செய்து நான் சொன்னதாகச் சொல்லிவிடு.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை திருநாள். லியோ ஃபாதருக்கு மைக்கில் குரல் எடுபடாது. பயனாளியின் பெயரை வாசிக்கிற நேரத்துக்கு மட்டும் என்னை அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடு, கூட இரண்டு போலீஸ் நின்றாலும் பரவாயில்லை. பிரியாவை வீல்சேரில் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். அத்தனை கூட்டத்தில் அவள் பயந்துபோவாள். என் குரலைக் கேட்டால்தான் அந்தப் பிள்ளைக்குத் தைரியம் வரும்.