ராஜா வரும் வரை

சீட்டாட்டத்தில் என் பெரிய குறை அவசரம். மருந்துக் கடையில் நான் அப்படி இல்லை. டாக்டரின் கிறுக்கல் புரியாவிட்டால் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் மாத்திரையைக் கொடுப்பேன். பிரிட்ஜ் மேஜையில் உட்கார்ந்தால்தான் கை பரபரக்கும்.

ஆடத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான்கு பேர், இரண்டு ஜோடி. எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு ஜோடி. ஏலம் எடுத்த ஜோடியில் ஒருவர் தன் கையை மேஜையில் விரித்து வைத்துவிடுவார். அதையும் சேர்த்து அவருடைய ஜோடியே ஆடுவார். மற்ற இருவரும் தடுத்தாட வேண்டும். கேட்ட ஜாதி நம் கையில் இல்லையென்றால் துருப்புப் போட்டு வெட்டலாம். வெட்டலாம் என்பதற்காக வெட்டிவிடக் கூடாது. எதிராளி சின்னச் சீட்டை இறக்கும்போது வெட்டினால் நம் துருப்பும் போய்விடும், அவர்களுடைய ராஜாவும் பத்திரமாக இருப்பார். பொறுத்திருந்து ராஜா தலை நீட்டும்போது வெட்ட வேண்டும்.

என் ஜோடி என் மனைவியின் அண்ணன். நான் பொறுத்ததே இல்லை. ஆட்டம் முடிந்ததும் மச்சான் நாலு மேஜைக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வார்: "துருப்பு கையில இருந்தா உனக்கு அரிக்குமா மாப்ளே?" எனக்கு 'அவசரக் கத்தி' என்று பேர் வைத்ததும் அவர்தான். அது கிளப்பிலிருந்து கடைக்கு வந்தது, கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது. ஒருநாள் என் மகளே அப்படிக் கூப்பிட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

மச்சானுக்கு நெஞ்சில் அடைப்பு இருந்தது. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையை என் கடையில்தான் வாங்குவார். சட்டையை மாற்றும்போது அதை மறந்துவிடுகிறார் என்பதால், ஆட்ட நாளில் அந்த அட்டை என் சட்டைப் பையில் இருக்கும். "நீதானே எதிர்ல உக்காருற, உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். அந்த விஷயத்தில் என்னை அவர் முழுதாக நம்பினார்.

போன ஞாயிற்றுக்கிழமை கோப்பைக்கான கடைசி ஆட்டம். ஏலம் எடுத்தவர் ஒரு பல் டாக்டரம்மா, என் வலப்பக்கம். அவருடைய கணவர் கையை விரித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஸ்பேடு துருப்பு. என்னிடம் ஒரே ஒரு ஸ்பேடு மிஞ்சியிருந்தது, டைமண்டு ஒன்றுகூட இல்லை. விரித்த கையில் டைமண்டு ஆஸும் ராஜாவும் இருந்தன.

டாக்டரம்மா தன் கையிலிருந்து சின்ன டைமண்டை இறக்கினார். வழக்கமான நானாக இருந்தால் அங்கேயே வெட்டியிருப்பேன். அன்று உதவாத கிளாவர் ஒன்றைக் கழித்தேன். விரித்த கையிலிருந்த ஆஸ் அந்தச் சுற்றைப் பிடித்தது. என்னிடம் துருப்பே இல்லை என்று டாக்டரம்மா முடிவு கட்டிவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. இனி ராஜாவை இறக்குவார். ஆனால் அவர் ஒவ்வொரு சீட்டுக்கும் யோசிப்பவர். தலையைக் குனிந்துகொண்டு யோசிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் மச்சானைப் பார்த்தேன். ஜோடியின் முகத்தைப் பார்த்து ஆடுவது திருட்டாட்டம். அவர் இருமினாலும் மூக்கைச் சொறிந்தாலும் கண்டும் காணாமல் இருக்க வேண்டும். மச்சான் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. இடது கையை நீவிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, தன் சட்டைப் பையை விரலால் தட்டினார்.

அது ஏதோ சைகை, கண்டுகொள்ளக் கூடாது என்று நினைத்தேன். நேற்றுவரை எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். அது பொய். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தத் தட்டலுக்கு ஒரே அர்த்தம்தான். மாத்திரை வேறெங்கோ இல்லை, என் சட்டைப் பையிலேயே இருந்தது.

எடுத்துக் கொடுத்திருந்தால் ஆட்டம் நின்றுபோயிருக்கும். சீட்டைக் கலைத்திருப்பார்கள். நான் ஒரு முறையாவது பொறுத்திருந்தேன் என்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். இன்னும் ஒரு சீட்டுதானே என்று நினைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. மச்சான் மறுபடி தட்டினார். நான் என் கையிலிருந்த சீட்டுகளை வரிசைப்படுத்துவது போலப் பார்வையை இறக்கிக்கொண்டேன்.

கடைசியில் டாக்டரம்மா ராஜாவை இறக்கினார். மச்சானின் முறை. சீட்டை உருவ முடியாமல் உருவி, ஒழுங்காக டைமண்டையே போட்டார். டாக்டரம்மா தன் தோற்கிற சீட்டைக் கழித்தார். நான் வெட்டினேன். அவர்கள் எடுத்த ஏலம் தோற்றது, கோப்பை எங்களுக்கு. தலையை நிமிர்த்தினபோது மச்சானின் சீட்டுகள் தரையில் கிடந்தன, அவர் மேஜை மேல் சாய்ந்திருந்தார். அப்புறம்தான் நான் மாத்திரையை எடுத்தேன். எல்லோரும் பார்க்க, அவசர அவசரமாக எடுத்தேன்.

மயானத்திலிருந்து திரும்பும்போது கிளப் செயலாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார், "அந்தக் கடைசி ஆட்டத்தை ரத்து பண்ணிடலாங்களா?"

"வேணாம். மச்சான் ஆசைப்பட்ட மாதிரி ஆடினது. இருக்கட்டும்" என்றேன்.

மச்சானின் மனைவியைப் பார்க்க நேற்று போயிருந்தேன். அலமாரியில் மச்சானின் கண்ணாடிக்குப் பக்கத்தில் கோப்பை இருந்தது. மிச்சமிருந்த மருந்துகளை ஒரு பையில் போட்டு, யாருக்காவது உதவும் என்று என்னிடம் கொடுத்தார். வாசல்வரை வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசிவரைக்கும் நீங்க கூடவே இருந்தீங்க தம்பி. அவரு உங்கள நாலு பேர் முன்னாடி என்னென்னவோ சொல்லியிருக்காரு. எதையும் மனசுல வச்சுக்காதீங்க."

"அதையெல்லாம் நான் மனசுல வச்சுக்கிட்டதே இல்லைக்கா" என்றேன்.