ஊசியக்கா எங்களைப் பூட்டிய நண்பகல்

இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, கையில் மணியோடு என்னையே கண்காணித்துக்கொண்டிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே! எனக்கு முன் பேசி என் பொறுமையைப் புடம்போட்ட புலவர் பெருமக்களே! பெரியோர்களே! பகலெல்லாம் தையல் மிஷின் மிதித்த காலோடு வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தும் வாசலை அடைத்து நிற்கும் இளங்காளைகளே! உங்கள் அனைவருக்கும் இந்த முன்னாள் சபாநாயகனின் வணக்கம்.

மறைந்த நம் சட்டமன்ற உறுப்பினரைப் பற்றி மூவர் பேசினார்கள். அமைதியின் திருவுருவம் என்றார் ஒருவர். அடக்கத்தின் அணிகலன் என்றார் அடுத்தவர். "அதிர்ந்து ஒரு சொல் அறியாதவர்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் மூன்றாமவர். ஐயா, யாரைப் பற்றி ஐயா பேசுகிறீர்கள்? வேறு யாருக்கோ எழுதிய உரையை இங்கே வாசித்துவிட்டீர்களா?

அந்த அம்மையாரை அவையிலிருந்து அதிகமுறை வெளியேற்றியவன் நான். எனக்கிருக்கும் இரத்த அழுத்தத்தில் பாதி அவர் அருளியது. மீதியைப் பற்றிப் பேசமாட்டேன், என் மனைவி முன்வரிசையில் இருக்கிறார்.

ஆலையில் சட்டைக்குக் காலர் தைத்தவர் அவர். எந்தக் கட்சியும் சீட்டுக் கொடுக்கவில்லை. சுயேச்சையாக நின்றார், வென்றார், வந்தார். வந்த முதல் நாளே ஓர் அமைச்சரின் புள்ளிவிவரத்தைப் பொத்தல் பொத்தலாகக் குத்திவிட்டார். அன்றிலிருந்து அவர் 'ஊசியக்கா'.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஆயத்த ஆடை ஆலைகளில் பெண்கள் உள்ளே போனதும் கதவை வெளியே பூட்டுகிறார்கள். சாவி சூப்பர்வைசரின் சட்டைப் பையில். இது நியாயமா?

"அம்மா, இது இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்ல. உட்காருங்க" என்றேன்.

"எழுதிக் குடுத்து ரொம்ப நாளாச்சுங்கய்யா. அதையும் எங்கயோ வச்சுப் பூட்டிட்டீங்களா?"

வெளியேற்றினேன். அடுத்த கூட்டத்தொடரில் குடிநீர் விவாதம். எழுந்தார், பூட்டு என்றார். சாலை விவாதம், எழுந்தார், பூட்டு என்றார். மீன்வள விவாதத்திலும் எழுந்தார்! "மீனுக்கும் பூட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கத்தினேன்.

"வலையிலயாவது ஓட்டை இருக்குதுங்க" என்றார்.

வெளியேற்றினேன். வேறென்ன செய்வது? நீங்கள் கைதட்டுகிறீர்கள். என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரியும்!

பிறகு வந்தது அந்தக் கோடைக்கால நண்பகல். உறுப்பினர்கள் உணவுக்கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முதலில் கை கழுவியவர் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. பின்கதவு? உடைந்த நாற்காலிகளைக் குவித்து நாங்களே எப்போதோ அடைத்து வைத்திருந்தோம். ஜன்னலுக்குப் போனோம். கம்பிக்கு அந்தப் பக்கம், தாழ்வாரத்தில் நாற்காலி போட்டுக் காலாட்டிக்கொண்டிருந்தார் ஊசியக்கா.

தொழிலாளர் நல அமைச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "யாரும்மா பூட்டினது? தொறங்க!"

"சூப்பர்வைசர் டீ குடிக்கப் போயிருக்காருங்க. வந்ததும் தொறப்பாரு."

"எனக்கு மூச்சு முட்டுதும்மா!"

"முட்டும். எங்களுக்கும் முட்டிச்சு."

வேளாண் அமைச்சர் வயதானவர், சர்க்கரை நோயாளி. "தாயே, பாத்ரூம் போகணும்" என்று கெஞ்சினார்.

"அதுக்குன்னு ஒரு நேரம் வச்சிருக்காங்க. இது அந்த நேரம் இல்லீங்களே."

நான் சாப்பாட்டுத் தட்டாலேயே கதவைத் தட்டினேன். "சபாநாயகர் சொல்றேன், தொறங்க!"

"ஐயா, அது நிரல்லயே இல்லீங்களே!"

அரை மணி நேரம் அப்படியே வெந்தோம். பிறகு அவரே திறந்தார், சாவியை என் கையில் வைத்தார். "இந்தாங்கய்யா. இப்ப வெளியேத்துங்க" என்றார்.

கூட்டத்தொடர் முழுவதும் நீக்கிவைத்தேன். சரியாகத்தான் செய்தேன்! இன்று நடந்தாலும் அதைத்தான் செய்வேன். அவைக்கு மரபு என்று ஒன்று உண்டா இல்லையா? ஆனால் மூச்சு முட்டிய அந்த அமைச்சர், அதே தொடரில் மசோதா கொண்டுவந்தார். ஆள் உள்ளே இருக்கும்வரை எந்த ஆலைக் கதவையும் பூட்டக் கூடாது. ஒருமனதாக நிறைவேறியது. "ஏற்கப்பட்டது" என்று நான் அறிவித்தபோது ஊசியக்காவின் இருக்கை வெறுமையாக இருந்தது. அவரோ வெளிவாசலில், வெயிலில், காவலரிடம் "என்னாச்சுங்க, என்னாச்சுங்க" என்று கேட்டுக்கொண்டு நின்றாராம்.

சென்ற ஆண்டு இவ்வூர் ஆலை ஒன்றில் தீப்பிடித்தது. பத்திரிகையில் நான்கு வரி. யாரும் சாகவில்லையே, பெரிய செய்தியாகுமா? ஊசியக்காவின் இறுதி ஊர்வலத்தில் என்னருகே நடந்த ஒரு பெண் சொன்னார்: "அன்னிக்கு நானும் உள்ளதான்யா இருந்தேன்."

"எப்படிம்மா தப்பிச்சீங்க?" என்றேன்.

என்னை விசித்திரமாகப் பார்த்தார். "தப்பிக்கல்லாம் இல்லீங்க. கதவு தொறந்திருந்துச்சு. நடந்து வந்தோம்."

நடந்து வந்தார்கள்! முந்நூறு பெண்கள், வாளியும் வீரமும் வேண்டாமல், வாசல் வழியே நடந்து வந்தார்கள்! சிலை எதற்கு? செப்பேடு எதற்கு? இதைவிடப் புகழ் எந்தப் பொதுவாழ்வுக்கு உண்டு?

அதே பெண் இன்னொன்றும் சொன்னார். "அக்கா படுக்கையில விழுந்ததுல இருந்து, ஆத்தோரத்து கம்பெனியில மறுபடியும் பூட்டுறாங்கய்யா."

மணி அடிக்காதீர்கள் தலைவரே. அந்த மணியை உங்களைவிட அதிகம் அடித்தவன் நான்.

அந்த ஆலையின் முதலாளி இதே மேடையில், மலர்வளையம் வைத்துவிட்டு, என் வலப்பக்கம் அமர்ந்திருக்கிறார். என்ன சொல்கிறீர்கள் ஐயா? விசாரிக்கிறீர்களா? பூட்டும் உங்களுடையது, சாவியும் உங்களுடையது, யாரை விசாரிப்பீர்கள்? மாலை ஷிஃப்ட் இப்போது ஓடுகிறது. போனை எடுங்கள். நான் காத்திருக்கிறேன். இந்த மக்களும் காத்திருக்கிறார்கள். ம், மைக்கில் பேசுங்கள்.

கேட்டீர்களா? "எல்லாக் கதவையும் தொறந்து விடுப்பா. ஆமா, இப்பவே" என்கிறார். பொறுங்கள், இன்னும் கைதட்டாதீர்கள். மேடைப் பேச்சை நம்பி மோசம் போனவர்கள் நாம். அதோ அந்த நீலச் சேலை அம்மா, உங்கள் மகள் அங்கேதான் வேலை செய்கிறாளா? போன் போட்டுக் கேளுங்கள். என்ன சொல்கிறாள்?

"தொறந்துட்டாங்களாம்யா! காத்து வருதாம்!"

காற்று வருகிறதாம். ஒரு கதவைத் திறப்பதற்கு, ஐயா, ஒருத்தி செத்து, நாம் பந்தல் போட்டு, நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது! நாளை அந்தக் கதவு மூடியிருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். முட்டிவலியோடு வருவேன், மரபு மீறிக் கத்துவேன்.

இவ்வளவு நேரம் பொறுத்த தலைவருக்கும், போன் செய்த முதலாளிக்கும், காத்திருந்து சாட்சி சொன்ன தாய்மார்களுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.